கேட்டதும் சொன்னதும்: கல்லு வயித்துக்குள்ள குடித்தனம்

போன மாசம் ஒருத்தர் பிரமிடு எகிப்துல மட்டுந்தான் இருக்கான்னு கேட்டிருந்தாரு, நானும் "இல்லீங்க, எண்ணிப் பாத்தா சூடான்லதான் ஜாஸ்தி, 200க்கு மேல நிக்குது, அந்தப் பகுதிக்குப் பழைய பேரு நூபியா"ன்னு ரெண்டு வரி எழுதிட்டு நகந்துட்டேன். அந்த ரெண்டு வரிக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கல. அதனால இந்த மாசம் முழுப் பக்கமும் நூபியாவுக்கே. சினிமா கேள்வி, சமையல் எண்ணெய் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

கேள்வி: நைல்னாலே செழிப்புன்னுதான் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. நூபியா மட்டும் வாழ்றதுக்குக் கஷ்டமான இடம்ங்கறாங்க. ஆறு ஒண்ணுதானே சார்?
(ஈரோட்டுல இருந்து ஒரு வாசகர்)

பதில்: ஆறு ஒண்ணுதான், கரை வேற. எகிப்துல நைலுக்கு ரெண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்குல வண்டல் மண்ணு, வெள்ளம் வடிஞ்சதும் வெதைய வீசிட்டுப் போனா போதும். எகிப்தோட தெக்குக் கோடில இருக்கற அஸ்வானைத் தாண்டி தெக்க போகப் போக மண்ணு ஒடுங்கி பாறை ஆத்துக்குள்ளயே வந்து உக்காந்துடும். கருங்கல்லுக்கு நடுவுல தண்ணி பத்து பதினஞ்சு கிளையா பிரிஞ்சு நுரைச்சுக்கிட்டு ஓடும், படகு போனா சுக்கு நூறுதான். இந்த மாதிரி பாறைத் தடை அஸ்வான்ல இருந்து சூடான் தலைநகரம் கார்ட்டூம் வரைக்கும் மொத்தம் 6 இருக்கு. இங்கிலீஷ்ல கேட்டராக்ட்னு சொல்வாங்க, கண்ணுல வர்றது இல்ல, இது ஆத்துல வர்றது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, ஆறு தெக்க இருந்து வடக்க ஓடுது, ஆனா நம்பர் வடக்க இருந்து ஆரம்பிக்குது. அஸ்வான்ல இருக்கறது முதல் தடை, கார்ட்டூம் பக்கம் இருக்கறது ஆறாவது. ஏன்னா எண்ணினவங்க எல்லாம் எகிப்து பக்கத்துல இருந்து ஏறி வந்தவங்க. நூபியாவப் பத்தி நாம படிக்கற பாதி விஷயம் இப்டித்தான், தலைகீழா நம்பர் போட்டது.

இதுல ரெண்டாவது தடைக்குத் தெக்க ஒரு நீட்டு இருக்கு, அரபில பத்ன் அல் ஹஜர்ம்பாங்க. கல்லோட வயிறுன்னு அர்த்தம். பாத்தாலே பேரு ஏன் வந்துச்சுன்னு புரிஞ்சிடும், கரைல கல்லு, ஆத்துல கல்லு, தூரத்துல கல்லு, நடுவுல அங்கங்க ஒரு சின்ன வளைவுல கைக்குட்டை அளவுக்கு வண்டல். மழை? அந்தப் பக்கம் கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. தண்ணி முழுக்க எத்தியோப்பிய மலைல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பெய்யுற மழை, நமக்குத் தென்மேற்குப் பருவம் நடக்கற அதே மாசங்கள். வெள்ளம் திடுதிப்னு ஏறும், அப்புறம் இறங்கும், இறங்கறப்ப வெளில தெரியுற சரிவான ஈர மண்ணுல குச்சியால குத்திக் குத்தி வெதை போடணும். அவ்ளோதான் விவசாயம்.

அந்த வெள்ளமும் ஒரே மாதிரி வராது. செம்னான்னு ஒரு குறுகலான பாறை இடுக்கு, அங்க கி.மு. 1800 வாக்குல எகிப்து ராஜா மூணாம் அமெனெம்ஹெத் காலத்துல "இந்த வருசம் தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு"ன்னு பாறைல கோடு போட்டு எழுதி வச்சிருக்காங்க. 1844ல லெப்சியஸ்ங்கற ஜெர்மன்காரர் வந்து பாத்தா அந்தக் கோடெல்லாம் அவர் காலத்து வெள்ளத்தை விட 7, 8 மீட்டர் மேல இருக்கு. ரெண்டு மாடி ஒசரம்! ஒரு தலைமுறைல அவ்ளோ தண்ணி, இன்னொரு தலைமுறைல கால் நனையற அளவு. இதுல எங்க வீடு கட்டுவீங்க, சொல்லுங்க.

கேள்வி: அப்டின்னா அங்க ஜனங்க என்னதான் பண்ணி பொழைச்சாங்க? வயலே இல்லாத எடத்துல சோறு எப்டி?
(ப்ளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்)

பதில்: வயல் இல்லேன்னா வயலை வரவழைச்சுட்டாங்கம்மா. எனக்கு நூபியாலயே ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் இதுதான், பிரமிடை விட.

நம்ம மீனவர் கிராமங்கள்ல கடல் அரிப்புக்கு தூண்டில் வளைவு போடுறாங்கல்ல, கரைல இருந்து கடலுக்குள்ள கல்லைக் கொட்டி ஒரு கை நீட்டின மாதிரி? அதையே ஆத்துல பண்ணியிருக்காங்க. கரைல இருந்து ஆத்துக்குள்ள கல்லுச் சுவர். வெள்ளம் ஏறும்போது சேத்துத் தண்ணி சுவத்துல முட்டி வேகம் கொறைஞ்சு நிக்கும், நின்னா வண்டல் கீழ படியும். அடுத்த வருசம் இன்னொரு படலம். பத்து வருசம், இருபது வருசம் போனா சுவத்துக்குப் பின்னாடி ஒரு வயல் உக்காந்திருக்கும். அப்பா கட்டின சுவத்துக்கு மகன் வெதைப்பான்னு வச்சுக்கயேன்.

2023ல வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகத்து மேத்யூ டால்டன் டீம் இதை வரிசையா தேடிப் பாத்து ஒரு ஆய்வு போட்டாங்க. சாட்டிலைட் படம், ட்ரோன், பழைய பயணிகள் வரைஞ்ச மேப், அஸ்வான் டேம்ல மூழ்கறதுக்கு முந்தி ஏரோப்ளேன்ல இருந்து எடுத்த போட்டோ எல்லாத்தையும் அலசி, முதல் தடைல இருந்து நாலாவது தடை வரைக்கும் சுமார் 1,100 கிலோமீட்டர் நீளத்துல கிட்டத்தட்ட 1,300 சுவர். அதுல கொஞ்சம் இப்ப டேம் ஏரித் தண்ணிக்கு அடில. அமாரா வெஸ்ட்டுங்கற பழைய ஊருக்குப் பக்கத்துல காஞ்சு போன ஒரு கிளை ஆத்துல இருக்கற சுவர்களைக் காலக்கணிப்பு பண்ணிப் பாத்தா 3,000 வருசத்துக்கு மேல பழசு. சிலது தம்மாத்துண்டு, குடும்பமா சேந்து ஒரு வாரத்துல கட்டிடலாம். சிலது 5 மீட்டர் தடிமன், 200 மீட்டர் நீளம், அது ஊரே சேந்தாதான் முடியும், இல்ல மேல ஒருத்தன் உக்காந்து கட்டளை போட்டிருக்கணும்.

இதுல என்ன அழகுன்னா உள்ளூர் விவசாயிங்ககிட்ட கேட்டா "ஆமா, எங்க தாத்தா காலம் வரைக்கும் கட்டிக்கிட்டுதான் இருந்தோம்"ங்கறாங்க. 1970கள் வரைக்கும் கட்டியிருக்காங்க. அதுல சேந்த மண்ணுல இன்னிக்கும் வெள்ளாமை நடக்குது. ஒரு டெக்னாலஜி மூவாயிரம் வருசம் ஓடியிருக்கு, யாரும் அதுக்குக் கல்வெட்டு வெட்டல.

கேள்வி: நம்மூர் மாதிரி ஏற்றம், மாடு இழுக்கற கவலை எல்லாம் அங்க உண்டா?
(ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர், தேனி)

பதில்: ஏற்றம் உண்டுங்க ஐயா, ஷாதூஃப்னு பேரு. நீள மரம், ஒரு பக்கம் வாளி, இன்னொரு பக்கம் கனம். ஆனா அதை வச்சு ஒரு சின்னத் தோட்டத்துக்குத்தான் பாய்ச்ச முடியும். நெலமை மாறினது மாடு சுத்துற சக்கரம் வந்தப்புறம், சாகியாம்பாங்க. நூபியாவ ஆண்ட மெரோயி ராஜ்ஜியம் முடியப் போற சமயத்துல, கி.பி. மூணு நாலாம் நூற்றாண்டு வாக்குல அது பரவுது, கரை ஒசரமா இருக்கற எடத்துலயும் வருசம் முழுக்கப் பயிர் வைக்க முடியுது. சக்கரம் மரம், மக்கிப் போச்சு. ஆனா கயித்துல வரிசையா கட்டுற மண்கலயம் ஒடைஞ்சு ஒடைஞ்சு குவியலா கிடக்கும், அடில கயிறு நழுவாம இருக்க ஒரு குமிழ் வச்சிருப்பாங்க. குமிழ் வச்ச ஓடு கெடைச்சா இங்க சக்கரம் சுத்துச்சுன்னு அர்த்தம். தொல்லியல்ல பாதி வேலை இப்டி ஒடைஞ்ச கலயத்தோட அடிய திருப்பிப் பாக்கறதுதான்.

கேள்வி: அமாரா வெஸ்ட் ஊரை மணல் தின்னுடுச்சுன்னு எங்கயோ படிச்சேன். ஊரை மணல் தின்னுமா?
(திருச்செந்தூர் வாசகி)

பதில்: உங்க ஊர் பக்கம் தேரி மணலைப் பாத்தவங்களே இப்டி கேக்கலாமாக்கா? தின்னும். மெதுவா தின்னும்.

அமாரா வெஸ்ட் கி.மு. 1300 வாக்குல முதலாம் சேத்தி ராஜா காலத்துல எகிப்துக்காரங்க கட்டின ஊர், நூபியாவ ஆள்றதுக்கு ஒரு ஆபீஸ் மாதிரி. கட்டினப்ப அது ஆத்துக்கு நடுவுல ஒரு தீவு. ரெண்டு பக்கமும் தண்ணி, வடக்குப் பக்கத்து கிளை ஆறுதான் பாலைவன மணலுக்கு வேலி மாதிரி. அந்தக் கிளை கொஞ்சம் கொஞ்சமா வத்திப் போச்சு. வேலி போச்சுன்னா வடக்குக் காத்து நேரா ஊருக்குள்ள மணலைக் கொண்டாந்து கொட்டும்.

பிரிட்டிஷ் மியூசியம் டீம் 2008ல இருந்து அங்க தோண்டினாங்க. முதல்ல மதில், வரிசையான கிடங்கு, நேர் கோட்டுல தெரு. அப்புறம் வர்ற தலைமுறைங்க கிடங்கை எல்லாம் இடிச்சு வீடாக்கிட்டாங்க, மதிலுக்கு வெளியயும் பெரிய வீடு எழும்புது, மாவு அரைக்கற கல்லு, ரொட்டி அடுப்பு, மாடிப்படின்னு நல்ல வசதியா. சந்துல குப்பையும் மணலும் சேந்து தெரு ஒசந்துக்கிட்டே போகுது, கடைசில வீட்டுக்குள்ள போகணும்னா படி எறங்கித்தான் போகணும். வாசப்படிய ஒசத்திக் கட்டுறது, காத்து வர்ற பக்கம் மறைப்பு எழுப்புறதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் மணலோட ஒரு சண்டை நடந்திருக்கு. கல்லறைல கெடைச்ச எலும்புகளைப் பாத்தா பிற்காலத்து ஆளுங்களுக்கு ஒடம்பு இன்னும் மோசம், நெஞ்சு எலும்புல மூச்சு நோயோட தடம். 25ல இருந்து 35 வயசுக்குள்ள செத்துப் போன ஒரு ஆம்பளையோட எலும்பு முழுக்கப் புற்றுநோய் பரவின ஓட்டை ஓட்டையா அடையாளம், கி.மு. 1200 வாக்குல வாழ்ந்தவர், 2014ல அந்த ஆய்வு வெளிவந்தப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு.

எகிப்து ஆட்சி போனதும் ஊர் உடனே காலியாயிடல, அதுவும் கவனிக்கணும். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு நூற்றாண்டு அந்தக் கல்லறைல பொதைச்சிருக்காங்க, நூபியா பாணில மேல மண்மேடு போட்டு. ராஜா போனாலும் ஜனங்க போகல. தண்ணி போனப்புறம்தான் போனாங்க.

கேள்வி: நூபியான்னு தனியா ஒரு நாகரிகம் இருந்துச்சா, இல்ல எகிப்தோட காப்பியா? என் ஃப்ரெண்டு காப்பின்னு சாதிக்கறான்.
(கோயம்புத்தூர், ஐடி வேலை)

பதில்: உங்க ஃப்ரெண்டு தனியா இல்ல தம்பி, அவரு கூட ஜார்ஜ் ரைஸ்னர்ங்கற பெரிய அமெரிக்கத் தொல்லியலாளரும் நிக்கறாரு. 

மூணாவது தடைக்குத் தெக்க கெர்மான்னு ஒரு இடம், கி.மு. 2500ல இருந்து 1500 வரைக்கும் பெரிய ராஜ்ஜியத்தோட தலைநகரம். நடுவுல தெஃபூஃபான்னு பச்சை மண் செங்கல்லால கட்டின ஒரு மலை மாதிரி கட்டடம், இன்னிக்கும் 18 மீட்டர் ஒசரம் நிக்குது. ரைஸ்னர் 1913ல இருந்து 1916 வரைக்கும் அங்க தோண்டினாரு. ஒரு பெரிய மண்மேட்டுக்குள்ள ஹெப்ஜெஃபாங்கற எகிப்து கவர்னரோட சிலையும் அவர் சம்சாரம் சென்னுவியோட சிலையும் கெடைக்குது. உடனே மனுசன் முடிவு பண்ணிட்டாரு, கெர்மா எகிப்தோட வர்த்தகக் காலனி, அந்த மேட்டுல பொதைச்சது அந்த கவர்னரைத்தான்னு. கறுப்பு ஆப்பிரிக்கர்கள் இவ்ளோ பெருசா கட்டியிருப்பாங்கன்னு அந்தக் காலத்து ஆளுக்கு தோணவே இல்ல.

இதுல இடிக்கற விஷயம் என்னன்னா அந்த கவர்னருக்கு சொந்த ஊரான அஸ்யூத்ல ஏற்கனவே அட்டகாசமா ஒரு கல்லறை வெட்டி வச்சிருக்கு. அவர் எதுக்கு இவ்ளோ தூரம் வந்து, எகிப்து வழக்கத்துலயே இல்லாத மாதிரி கட்டில்ல படுக்க வச்சு, கூட நூத்துக்கணக்குல ஆளுங்களைப் பலி குடுத்து, மண்மேட்டுக்குள்ள கிடக்கணும்? அது கெர்மா ராஜாவோட கல்லறை. சிலை கொள்ளையடிச்சுக் கொண்டாந்த சாமான். இதுக்கு ஊர்ஜிதம் மாதிரி 2003ல எகிப்துல எல் கப் ஊர்ல ஒரு கல்லறைச் சுவர்ல கல்வெட்டு வெளிப்பட்டுச்சு, குஷ் நாட்டு (நூபியாவுக்கு எகிப்துக்காரங்க வச்ச பேரு) படை பெருசா திரண்டு வந்து எங்களைத் தாக்குச்சுன்னு எகிப்துக்காரனே எழுதி வச்சிருக்கான்.

சுவிஸ்காரர் சார்ல்ஸ் பொன்னே 1970கள்ல இருந்து அங்கயே கிடந்து ஊரையே வெளில கொண்டாந்தாரு. வட்டமா ஒரு பெரிய சபை மண்டபம், ரொட்டி சுடுற கூடம், அகழி, வீடுகள். ஊருக்குக் கிழக்க ஒரு இடுகாடு, 30,000 கல்லறை வரைக்கும் இருக்கும்னு கணக்கு. ஒரு கல்லறைக்கு முன்னாடி மட்டும் 4,000க்கு மேல மாட்டு மண்டை ஓடு பிறை நிலா மாதிரி அடுக்கி வச்சிருந்துச்சு, சில மாட்டுக்கு சின்ன வயசுலயே கொம்பை வேணும்னே வளைச்சு விட்டிருக்காங்க. மாட்டைக் கொண்டாடுற ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். அவ்ளோ மாடு மேய எடம் ஏதுன்னு கேட்டீங்கன்னா, அதான் கெர்மாவோட ரகசியம், அங்க மட்டும் பாறை விலகி சமவெளி அகலமா இருக்கு. டெரக் வெல்ஸ்பிங்கற பிரிட்டிஷ் தொல்லியலாளர் 1990கள்ல பண்ண சர்வேல தெக்க இருக்கற சமவெளில நைலோட பழைய கிளை ஆறுகள் ரெண்டு மூணு ஓடியிருக்கறதும், அது ஓரமா கெர்மா காலத்து ஊருங்க வரிசை பிடிச்சு இருந்ததும் தெரிஞ்சுது. கிளை வத்தினதும் ஊரும் மெல்ல மெல்ல மெயின் ஆத்துப் பக்கம் ஒதுங்கிடுச்சு.

ரைஸ்னரைத் திட்டிட்டு விட்டுடவும் முடியாது. நூபிய மக்களைக் காலவாரியா ஏ குரூப், பி குரூப், சி குரூப்னு பிரிச்சது அவருதான், பி பின்னாடி தப்புன்னு தூக்கிட்டாங்க, ஏயும் சியும் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஸ்கூல் செக்ஷன் மாதிரி பேரு வச்சிருக்கறது எனக்குப் பிடிக்கல, ஆனா வேற பேரு நம்மகிட்ட இல்ல.

கேள்வி: கெர்மா பானை போட்டோ பாத்தேன், மேல கறுப்பு கீழ சிவப்பு. அச்சு அசல் கீழடி பானை! தமிழனுக்கும் நூபியாவுக்கும் தொடர்பு உண்டா இல்லையா? நேரா பதில் சொல்லுங்க.
(மதுரை வாசகர், மூணு ஆச்சரியக்குறி போட்டிருந்தாரு)

பதில்: நேராவே சொல்றேன்: பானைய வச்சு தொடர்பு சொல்ல முடியாது.

இந்தக் கேள்விய உங்களுக்கு முந்தியே ஒருத்தர் கேட்டிருக்காரு, சாதாரண ஆள் இல்ல. அஸ்வான் டேம் கட்டுறப்ப உலக நாடுங்க எல்லாம் தோண்ட வந்தப்ப இந்தியத் தொல்லியல் துறையும் ஒரு டீம் அனுப்புச்சு, 1961–62ல, தலைவர் பி.பி. லால். எகிப்து பக்கத்து நூபியால அஃப்யே கிராமத்துல தோண்டினாங்க. நூபிய கறுப்பு சிவப்பு பானைக்கும் நம்ம தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைக்கும் இருக்கற ஒத்துமை லாலுக்கும் கண்ணுல பட்டுச்சு, எழுதியும் வச்சாரு. ஆனா நூபியப் பானை கி.மு. ரெண்டாயிரம், அதுக்கும் முந்தி. நம்மளோடது பெரும்பாலும் கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டு. நடுவுல ஆயிரம் வருசமும் ஒரு கடலும் கெடக்கு.

கறுப்பு சிவப்பு வர்றது சூளை சமாச்சாரம். பானைய கவுத்து வச்சு வாய்ப் பக்கம் சாம்பல், வைக்கோலுக்குள்ள பொதைச்சு சுட்டா அந்தப் பகுதிக்குக் காத்து கெடைக்காம கறுத்துடும், காத்துப் பட்ட பகுதி சிவந்துடும். இதைக் குயவர் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கத்துக்கணும்னு அவசியமே இல்ல. கெர்மாப் பானை கூட வேற லெவல், முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, டம்ளர் மாதிரி வாய் விரிஞ்சு, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவுல வெள்ளி மாதிரி சாம்பல் பட்டை ஒண்ணு ஓடும். அதைக் கையாலயே வனைஞ்சிருக்காங்க. தமிழோட நிஜத் தொடர்பு வேணும்னா செங்கடல் ஓரத்து பெரெனிகே, குசைர் அல் கதீம் துறைமுகத்துக்குப் போங்க, தமிழ் பிராமில பேரு கீறின ஓடு கெடைச்சிருக்கு. அது ரோமானியர் காலத்து வியாபாரக் கதை, நூபியா கதை இல்ல.

கேள்வி: ராஜா, கோட்டை, போர் இதையெல்லாம் விட்டுட்டு அந்தக் கோட்டைக்குள்ள யாரு சமைச்சாங்க, என்ன சாப்ட்டாங்கன்னு சொல்லுங்களேன் அண்ணா.
(சேலத்துல இருந்து ஒரு தங்கச்சி)

பதில்: இந்த மாசத்துலயே நல்ல கேள்வி இதான்மா.

கி.மு. 1900, 1800 வாக்குல எகிப்து ராஜாக்கள், முக்கியமா மூணாம் செனுஸ்ரெத், ரெண்டாவது தடைல வரிசையா கோட்டை கட்டினாங்க. புஹென், மிர்கிஸ்ஸா, அஸ்குத், ஷல்ஃபக், உரொனார்ட்டி, செம்னா. கோட்டைங்களுக்கு வச்ச பேரைக் கேட்டா சிரிப்பு வரும், அந்நிய நாட்டை அடக்குவது, அந்தக் கூட்டத்தை விரட்டுவதுன்னு பேரு. பயந்தவன் வைக்கற பேரு மாதிரிதான் எனக்குத் தோணுது.

உரொனார்ட்டில மரத்துல செஞ்ச ரொட்டி வில்லை கெடைச்சிருக்கு. நெஜ ரொட்டி இல்ல, ரொட்டி வடிவத்துல டோக்கன், மேல இத்தனை ரொட்டின்னு எண்ணு போட்டு. நம்ம ரேஷன் டோக்கன்தான். ராணுவ வீரனுக்கு தானியம் எகிப்துல இருந்து படகுல வரணும், கல்லு வயித்துல எங்க வெளையுது? படகு பாறையைத் தாண்டணுமே, அதுக்கு மிர்கிஸ்ஸாவுல கரை மேல கிலோமீட்டர் கணக்குல ஒரு பாதை போட்டிருந்தாங்க, கட்டையை வரிசையா பதிச்சு மேல ஈரச் சேறு பூசி, படகையே தரைல வழுக்கி இழுத்துட்டுப் போறது. 1960கள்ல ஃப்ரெஞ்சு டீம் தோண்டினப்ப அந்தச் சேத்துல இழுத்தவங்களோட காலடித் தடம் அப்டியே காஞ்சு இருந்துச்சு. இப்ப அதுவும் தண்ணிக்குள்ள.

சமையலுக்கு வர்றேன். அஸ்குத் கோட்டைல கெடைச்ச ஓடுகளை ஸ்டூவர்ட் டைசன் ஸ்மித்ங்கற தொல்லியலாளர் பிரிச்சுப் பாத்தாரு. சாமான் வைக்கற ஜாடி, பரிமாறுற தட்டு எல்லாம் பெரும்பாலும் எகிப்து. அடுப்புல வச்சு கரி பிடிச்ச சட்டி மட்டும் நூபியா, அதுவும் வருசம் போகப் போக அதோட பங்கு ஏறிக்கிட்டே போகுது. அவர் என்ன சொல்றாருன்னா கோட்டை எகிப்துக்காரனோடதா இருந்தாலும் அடுப்பங்கரை நூபியப் பொண்ணோடது, கல்யாணம் கட்டி வந்தவங்க அவங்க ருசியையும் சேத்துக் கொண்டாந்துட்டாங்க. மதில் எல்லாம் யாரை உள்ள விடக்கூடாதுன்னு கட்டினானோ அவங்க ரெண்டு மூணு தலைமுறைல உள்ளயே பாட்டியா உக்காந்திருக்காங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். செம்னால இருந்து போன ரிப்போர்ட் நகல் கொஞ்சம் எகிப்துல தீப்ஸ் நகரத்துல ஒரு கல்லறைல பாப்பிரஸ் சுருளா கெடைச்சிருக்கு. ரோந்து போனோம், 32 ஆளு 3 கழுதையோட தடம் பாத்தோம், அந்த ரேஞ்சுல துல்லியமான போலீஸ் டைரி. அதுல ஒண்ணு, பாலைவனத்துல இருந்து மெத்ஜாய் ஜனங்க கொஞ்ச பேரு, பொம்பளைங்க குழந்தைங்களோட இறங்கி வந்து வேலை குடுங்கன்னு கேக்கறாங்க. பாலைவனம் எப்டி இருக்குன்னு கேட்டதுக்கு, பசில செத்துக்கிட்டு இருக்குன்னு பதில். அன்னிக்கே அவங்களைத் திருப்பி அனுப்பிச்சாச்சுன்னு அதிகாரி எழுதி முடிச்சுட்டாரு. ஆபீஸ் பாஷை அப்பவும் இப்டித்தான் இருந்திருக்கு.

கேள்வி: கறுப்பு பாரோக்கள் பத்தி ஏன் எழுதல?
(பேரு போடாதவர்)

பதில்: எல்லாரும் எழுதுறாங்கங்கறதாலதான். நூபியாவுல இருந்து போய் எகிப்தை ஆண்ட ராஜாக்கள் அவங்க: பியே, தகர்கா, தனுத்தமானி, கி.மு. எட்டு ஏழாம் நூற்றாண்டு, எகிப்தோட 25ஆவது வம்சம், அசீரியாக்காரன் வந்து விரட்டற வரைக்கும் ஆண்டாங்க. 2003ல கெர்மா பக்கத்துல தூக்கி கெல்ல ஒரு குழிக்குள்ள ஒடைச்சுப் போட்ட ராஜா சிலை 7 கெடைச்சுது, அதுல தகர்காவும் உண்டு. போதும்ல?

கேள்வி: டேம் கட்டினப்ப அபு சிம்பெல் கோயிலைத் தூக்கி வச்சாங்கன்னு தெரியும். அங்க இருந்த ஊருங்க என்ன ஆச்சு?
(நாமக்கல் வாசகர்)

பதில்: மூழ்குச்சு. 

1902ல அஸ்வான்ல முதல் டேம், அதை ரெண்டு தடவை ஒசத்தினாங்க, ஒவ்வொரு தடவையும் நூபியக் கிராமம் ஈச்சந்தோப்பை விட்டுட்டு இன்னும் மேல ஏறி பாறைல வீடு கட்டும். 1960ல பெரிய டேம் ஆரம்பிச்சப்ப ஏற இடமே இல்ல, ஏரி 500 கிலோமீட்டர். அந்த வருசம் மார்ச் 8 அன்னிக்கு யுனெஸ்கோ கூப்பாடு போட, நாடு நாடா டீம் வந்து இறங்குச்சு. அபு சிம்பெல்லை 1964ல இருந்து 68க்குள்ள துண்டு துண்டா அறுத்து 65 மீட்டர் மேல கொண்டு போய் ஒட்டினாங்க. போலந்துக்காரங்க ஃபராஸ்ங்கற ஊர்ல மணலுக்குள்ள ஒரு முழு கதீட்ரலையும் 120க்கு மேல சுவர் ஓவியத்தையும் கண்டுபிடிச்சாங்க, பாதி வார்சாவுக்குப் போச்சு, பாதி கார்ட்டூமுக்கு. தெந்தூர் கோயில் நியூயார்க்ல, தெபோத் கோயில் மாட்ரிட்ல நிக்குது.

அங்க இருந்த மனுசங்களோ எகிப்து பக்கம் கோம் ஓம்போவுக்கும், சூடான் பக்கம் வாதி ஹல்ஃபா ஜனங்க 50,000 பேரு 1964ல ரயில்ல ஏத்தி எத்தியோப்பியா எல்லை பக்கம் புது ஹல்ஃபாவுக்கும் போனாங்க. மழையே பாக்காதவங்களை மழை பெய்யுற ஊர்ல கொண்டு போய் விட்டாங்க. கெளம்பறதுக்கு முந்தி செத்தவங்க சமாதிக்குப் போய் சொல்லிட்டு வந்தாங்கன்னு அந்த இடமாத்தத்தை நடத்தின அதிகாரியே பதிவு பண்ணியிருக்காரு. நூபியா பத்தி நமக்குத் தெரிஞ்ச விஷயத்துல பெரும் பங்கு இந்த அவசரத்துல தோண்டினதுதான், டேம் வரலேன்னா இவ்ளோ தோண்டியிருக்கவே மாட்டாங்கன்னு சில பேரு பெருமையா சொல்லுவாங்க. எனக்கு அந்த வாதம் செரிக்கல. 2000களுக்கப்புறம் நாலாவது தடைல மெரோவே டேம் கட்டினப்பவும் அதே ஓட்டம், அதே 50,000 பேரு, வேற ஜனங்க, மனாசிர்.

ரெண்டாவது தடைல இருந்த அந்த மண் கோட்டைங்க தண்ணில கரைஞ்சு போச்சு. எல்லாம் போச்சுன்னு நாப்பது வருசம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2004ல அதே வெல்ஸ்பி அந்தப் பக்கம் போனா உரொனார்ட்டியும் ஷல்ஃபக்கும் ஒசரத்துல இருந்ததால தப்பிச்சு வெளில நிக்குது! அப்புறம் மறுபடி டீம் போய், மதிலுக்கு வெளிய கல்லை அடுக்கிக் கட்டின குடிசைங்களைக் கண்டுபிடிச்சாங்க, முன்னாடி தோண்டினவங்க கண்ணுல படாதது. கஸ்ர் இப்ரீம்ங்கற பழைய ஊர் இருந்த குன்றும் தலை மட்டும் வெளில. அங்க காஞ்ச காத்துல தோலு, துணி, கூடை, லெட்டர்னு அப்டியே இருந்துச்சு, ஏரி ஈரம் ஏற ஏற இப்ப அதுவும் கெட்டுக்கிட்டு வருது.

கேள்வி: இதையெல்லாம் இப்ப எங்க போய் பாக்கறது?
(சென்னை, வருசத்துக்கு ஒரு டூர் போறவர்)

பதில்: அஸ்வான்ல 1997ல தொறந்த நூபியா மியூசியம் பாருங்க. கார்ட்டூம் மியூசியம்தான் முக்கியம், தோட்டத்துல புஹென், செம்னா கோயில்களையே பேத்துக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க, ஆனா 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச உள்நாட்டுப் போர்ல அந்த மியூசியம் சூறையாடப்பட்டுச்சு. ரெண்டு தடவை காப்பாத்த வேண்டிய நெலமை, மொதல்ல தண்ணிகிட்ட இருந்து, இப்ப துப்பாக்கிகிட்ட இருந்து. டிக்கெட் போடாதீங்க இப்போதைக்கு.

கேள்வி: நூபியர்னு யாராச்சும் இன்னிக்கு இருக்காங்களா? அவங்க மொழி?
(புதுச்சேரி, தமிழ் ஆசிரியை)

பதில்: இருக்காங்க டீச்சர், எகிப்துலயும் சூடான்லயும், கெய்ரோ, கார்ட்டூம்னு நகரங்கள்லயும். மெரோயி ராஜ்ஜியத்து எழுத்தை 1911ல க்ரிஃபித்ங்கற பிரிட்டிஷ் அறிஞர் ஒலி அளவுல படிச்சுட்டாரு, வாய் விட்டு வாசிக்கலாம், அர்த்தம்தான் கொஞ்சம் வார்த்தைக்கு மேல பிடிபடல. அதுக்கப்புறம் வந்த பழைய நூபிய மொழி கிரேக்க, காப்டிக் எழுத்துல, கூட மெரோயில இருந்து மூணு எழுத்தைக் கடன் வாங்கி எழுதினது, அது நல்லாவே புரியுது. அதோட சொந்தக்கார மொழிங்களை இன்னிக்கும் பேசுறாங்க. டொங்கோலா பக்கத்து ஆளுங்க தங்களோட பேச்சுக்கு வச்சிருக்கற பேரு அந்தாந்தி. வெளி ஆளுங்க வேற என்னென்னமோ பேரு போட்டாங்க, இது அவங்களே வச்சது. 'எங்க வீட்டுப் பேச்சு'ன்னு அர்த்தம்.